திரை அசையவில்லையா? முதலில் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்

"செக் பண்ணிட்டோம் சார், ஒண்ணும் இல்ல, நார்மலாத்தான் இருக்கு."

காரின் தொடுதிரை வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனவர்கள் அடிக்கடி கேட்டுவிட்டுத் திரும்பும் பதில் இது. சென்னைக் கடலோரக் கொட்டிவாக்கத்தின் காலை வெயிலில் எத்தனை தடவை தொட்டாலும் மேப்பை நகர்த்தாத திரை, சர்வீஸ் சென்டர் நிழலில் போய் நின்றதும் பழையபடி வேலை செய்யும். அட்வைசர் நான்கு இடத்தில் தட்டிக் காட்டுவார். "கை ஈரமா இருந்திருக்கும் மேடம்" என்பார். வண்டிக்காரருக்குத் தன் விரல் மீதே சந்தேகம் வந்துவிடும். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று அவர் புகார் சொன்னார் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் தடயம் இருக்காது.

இப்படிப் பதிவாகாமல் போன புகார்கள்தான் பின்னால் நுகர்வோரின் கையைக் கட்டிப்போடுகின்றன. ஆறு மாதம் கழித்துத் திரை ஒரேயடியாக இருண்டு போகும்போது வாரண்டி முடிந்திருக்கும். புது யூனிட்டுக்குப் பெரிய தொகை சொல்வார்கள். "முன்னாடியே சொன்னேனே" என்றால், "ரெக்கார்டுல எதுவும் இல்லையே சார்" என்று பதில் வரும். சட்டம் நுகர்வோர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தேவையான சான்றை, வண்டி முதல் முறை மக்கர் செய்த நாளிலிருந்தே சேர்க்க வேண்டும்.

திரைக்குள் என்ன நடக்கிறது?

பழுதை விளக்கிச் சொல்லத் தெரிந்தவரிடம் "நார்மல்தான்" என்று சொல்லி அனுப்புவது கடினம். அதனால் திரை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது கைபேசியில் இருக்கும் அதே வகைத் தொடுதிரை. கண்ணாடிக்கு அடியில், மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகும் பூச்சு ஒன்று மிக மெல்லிய கட்டங்களாக ஓடுகிறது. விரல் பட்டால் அந்த இடத்தில் மின்னூட்டம் இம்மியளவு மாறும். மாறிய இடம் எது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிட்டுச் சொல்லும். அழுத்தத்துக்கு இதில் வேலையே இல்லை, எனவே எரிச்சலில் ஓங்கிக் குத்துவதால் ஒரு பயனும் கிடையாது. வியர்வையும் நீர்த்துளியும் சிப்புக்கு விரலாகவே தெரியும். கடையில் மலிவாக ஒட்டிய தடித்த ஸ்கிரீன் கார்டு உண்மையான விரலையே மறைத்துவிடும். முன்பு கண்ணாடியில் ஒட்டிவைத்த நேவிகேட்டர் கருவிகள் பலவற்றில் இருந்தது வேறு வகை: அழுத்தினால் இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொடும். அவற்றில் ஓரிடத்தில் தொட்டால் பக்கத்து எழுத்து பதிகிறது என்றால், செட்டிங்ஸில் இருக்கும் கேலிபரேஷனைச் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கொட்டிவாக்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் போகும் தெருக்களில், கிழக்கு பார்த்து நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் சூரியன் எழுந்ததுமே வெயில் நேராக விழத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாள்களில், ஒரே மணி நேரத்தில் உள்காற்று சராசரியாக 47 டிகிரிக்கும், டேஷ்போர்டு 69 டிகிரிக்கும் ஏறியிருந்தன. அக்னி நட்சத்திர நாள்களில் சென்னைக்கும் இது பொருந்தும். அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்போது கண்ணாடியையும் திரையையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பசை இளகும், குமிழி விடும், சில இடங்களில் பிரியும். திரையின் ஒரு பட்டை மட்டும் செத்துப்போவது இப்படியும் நடக்கலாம்.

அடுத்தது உப்புக்காற்று. ஜன்னல் கம்பியும் ஏ.சி.யின் வெளி யூனிட்டும் எவ்வளவு சீக்கிரம் அரிக்கின்றன என்று கடலோர வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஈரக்காற்று காருக்குள் இருக்கும் கப்ளர்களின் முனைகளிலும் வேலை காட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் போல ஒரு முறை கேபினுக்குள் தண்ணீர் ஏறிய வண்டியில், காய்ந்து பல மாதம் ஆன பிறகும் மின்சாரக் கோளாறுகள் தலைகாட்டலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் சீட்டுக்கு அடியில் சேற்றுக் கறையைப் பார்ப்பதோடு, திரையையும் மூலை முடுக்கெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. திரை உறையும்போது ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்களை அழுத்திப் பாருங்கள். அவை வேலை செய்து, தொடுதல் மட்டும் எடுக்கவில்லை என்றால் கோளாறு தொடுபடலத்திலோ அதன் இணைப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாமே சேர்ந்து உறைந்து, பாட்டும் நின்றுவிட்டால், சாஃப்ட்வேர் அல்லது உள்ளே இருக்கும் நினைவக சிப்பைச் சந்தேகிக்கலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மலிவான சார்ஜர் செருகியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். தரமில்லாத சார்ஜர் கிளப்பும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பக்கூடியது. அப்படிக் குழம்பினால், மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை தானாக ரேடியோவுக்குத் தாவும், வால்யூம் ஏறும், கடைசியாகப் பேசியவருக்குத் தானே கால் போகும். மெக்கானிக்குகள் இதைக் 'கோஸ்ட் டச்' என்பார்கள். ஸ்கிரீன் கார்டையும் ஒரு முறை உரித்துப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கோளாறு இருந்தால், அந்த விவரம் அப்படியே உங்கள் புகாரில் ஏற வேண்டும்.

இது வெறும் எரிச்சல் அல்ல

"மேப்தானே, போன்ல பாத்துக்கலாமே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் புதிய கார்கள் பலவற்றில் அந்தத் திரையில்தான் ரிவர்ஸ் கேமரா தெரிகிறது. கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் ஏ.சி. கட்டுப்பாடும் சில கார்களில் அதற்குள்தான் இருக்கிறது. மழைக்கால இரவில், முன்கண்ணாடி பனித்துப்போய், திரையும் உறைந்து நின்றால் ஓட்டுநரின் கதி என்ன?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தாண்டும். திரையில் நான்கு வினாடி கண் போனால் 67 மீட்டர் பார்க்காமல் ஓட்டியதாகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஆள்கள் குறுக்கே ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 67 மீட்டர் மிக அதிகம். ஸ்வீடன் நாட்டு கார் இதழான 'வி பிலாகரே' 2022-இல் ஒரு சோதனை செய்தது. சீட் சூடாக்குவது, வானொலி நிலையம் மாற்றுவது போன்ற சில வேலைகளை, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி செய்யச் சொன்னார்கள். பட்டன்களும் குமிழ்களும் உள்ள 2005-ஆம் ஆண்டு வால்வோ காரில் அது 10 வினாடியில் முடிந்தது. தொடுதிரையை நம்பியிருந்த ஒரு புதிய எம்.ஜி. காரில் ஏறக்குறைய 45 வினாடி ஆனது. அதற்குள் அந்தக் கார் 1,372 மீட்டர் போய்விட்டிருந்தது. ஒழுங்காக வேலை செய்யும் திரையிலேயே இந்த நிலை என்றால், மூன்று தடவை தொட்டால் ஒரு தடவை எடுக்கும் திரையை எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆபத்தை உலகம் கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்புத் தரமிடும் அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ வைத்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வகுத்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக்கு இந்தப் பாடம் உயிர்ப்பலியோடு வந்தது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அதன் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். திருப்புவதையும் வேகத்தையும் கட்டுப்படுத்திய தொடுதிரை அமைப்பைப் பணியாளர்கள் சரியாகப் புரிந்துகொள்ளாததும் விசாரணையில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு அந்த வகைக் கப்பல்களில் கையால் தள்ளும் லீவர்களையே திரும்பப் பொருத்த முடிவெடுத்தார்கள்.

திரை சண்டித்தனம் செய்யும் நாளில் கைபேசியை எடுத்து மடியில் வைத்து மேப் பார்ப்பது இன்னொரு ஆபத்து. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வண்டி ஓட்டும்போது கைபேசியை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டியதாகக் கொள்ளப்படும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. டேஷ்போர்டில் ஒரு ஹோல்டரை வாங்கிப் பொருத்திவிடுங்கள், போகும் இடத்தை வண்டி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள், மாற்ற வேண்டியிருந்தால் ஓரம் கட்டுங்கள்.

ஜாப் கார்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் ஜாப் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போது அட்வைசர் டேப்லெட்டில் பதிந்து உங்கள் கையெழுத்தோ ஓ.டி.பி.யோ வாங்குகிறாரே, அதுதான். பெரும்பாலும் அவர் எழுதுவது "டச் ஸ்கிரீன் செக்" என்ற மூன்று சொல். அது உங்களுக்கு உதவாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு திரையின் வலப்பக்கம் தொடுதலை ஏற்கவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் கேமரா தாமதமாக வருகிறது. ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்கின்றன. வாடிக்கையாளரிடம் வீடியோ உள்ளது." கோளாறு எப்போது, எந்தச் சூழலில் வருகிறது என்பது அதில் இருக்க வேண்டும். அவர் எழுத மறுத்தால் சண்டை வேண்டாம். அதே வாசகங்களை அங்கே நின்றபடியே சர்வீஸ் சென்டர் மின்னஞ்சலுக்கும், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

"பரிசோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதித் தருகிறார்களா? அதையும் வாங்கி வையுங்கள். ஒரே புகார், இரண்டு மூன்று ஜாப் கார்டு, ஒவ்வொன்றிலும் 'குறை இல்லை' என்ற முடிவு, பிறகு திரை செத்துப்போனது என்ற வரிசையே வழக்கில் உங்களுக்காகப் பேசும். வீடியோ எடுப்பவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது. நிறுத்திய வண்டியில், கடிகாரமும் கிலோமீட்டர் காட்டும் எண்ணும் தெரியும்படி எடுங்கள். மூலக் கோப்பு கைபேசியிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

வாரண்டிப் புத்தகத்தையும் இன்றே எடுத்துப் படியுங்கள். முழு வண்டிக்கும் மூன்றாண்டு என்று விளம்பரம் சொன்னாலும், ஆடியோ, நேவிகேஷன் சாதனங்களுக்குத் தனிக் காலவரம்பு உள்ளே எழுதியிருக்கலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன், திரை அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேல்ஸ்மேன் வாயால் சொன்ன "எல்லாம் கவர் ஆகும் சார்" நிற்காது.

சட்டம் என்ன தருகிறது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, ஒரு பொருளின் தரத்தில், ஆற்றலில் இருக்கும் எந்தக் குறையும் 'குறைபாடு'தான். தொட்டால் எடுக்காத தொடுதிரையும் அதில் அடங்கும். புகாரைச் சரியாகக் கவனிக்காத சர்வீஸ் சென்டரின் செயல் 'சேவைக் குறைபாடு'. இரண்டுக்கும் சேர்த்தே கேட்கலாம். நுகர்வோர் ஆணையம் குறையைச் சரிசெய்து தரச் சொல்லலாம், புதிய பொருள் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம், இழப்பீடும் தரலாம்.

ஆனால் எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். "திரை போச்சு, புது கார் கொடு" என்று கேட்டு, கிடைக்க வேண்டியதையும் இழுபறியில் தொலைத்துவிடக் கூடாது. மாருதி கார் ஒன்றின் கிளட்ச் கோளாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் இதைத் தெளிவாக்கியது: வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தரவே கடமைப்படுத்துகிறது, முழு வண்டியையும் அல்ல. திரை கெட்டிருந்தால் திரையைக் கேளுங்கள். அலைந்த செலவு, வண்டி இல்லாத நாள்களின் வாடகைக் கார் பில், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவற்றைச் சேர்த்துக் கேளுங்கள்.

உயிர்ப் பாதுகாப்பில் கை வைக்கும் கோளாறாக இருந்தால் நீதிமன்றத்தின் பார்வை கடுமையாகும். விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், இழப்பீட்டோடு வண்டியையே மாற்றித் தரவேண்டும் என்ற உத்தரவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால் உங்கள் திரைக் கோளாறு ரிவர்ஸ் கேமராவையோ கண்ணாடி ஆவி நீக்குவதையோ முடக்குகிறது என்றால், "பாட்டு கேட்க முடியவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். பாதுகாப்பு முடங்கியதை முதல் வரியில் எழுதுங்கள்.

திரை கோளாறால் விபத்து ஏற்பட்டுக் காயமோ வேறு சொத்துச் சேதமோ நேர்ந்தால் அது தனி வழி. சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் உற்பத்தியாளர், சர்வீஸ் செய்தவர், விற்றவர் ஆகியோருக்குத் தனித்தனியாகப் பொருள் பொறுப்பு விதிக்கிறது. அந்த வழியில் கேட்பது காயத்துக்கும் மற்ற சேதத்துக்கும்தான். பழுதான திரையின் விலை அதில் வராது, அதைக் குறைபாட்டுப் புகாரில் கேட்க வேண்டும்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "மஞ்ச போர்டு வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாதுண்ணே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே வாங்கி ஓட்டுகிறவரை அதே சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. ஒரே காரை வைத்துக்கொண்டு திருவான்மியூருக்கும் விமான நிலையத்துக்கும் சவாரி ஓட்டும் அண்ணனுக்கு மேப் திரை சம்பாத்தியக் கருவி. புகாரில் அதைத் தெளிவாக எழுதினால் போதும்.

வெளியில் மாட்டிய திரை

கம்பெனித் திரையை விட்டுவிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுகிறவர்கள் ஏராளம். விலை குறைவு, திரை பெரிது, சில கடைகளில் வேலையும் சுத்தம். அங்கே வாங்குவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும்" என்று தள்ளுபடி காட்டுவார்கள். பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் வகைப்படுத்துகிறது. அடியில் சிவப்பு மையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் நியாயமற்ற நடைமுறைதான். குறையுள்ள பொருளின் விஷயத்தில் அந்தச் சிவப்பு வரி செல்லாது.

மாட்டும்போது வயரை வெட்டி டேப் சுற்ற விடாதீர்கள். உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் கிட்டைக் கேளுங்கள். வெட்டிய வயரைக் காட்டி, வேறெங்கோ வந்த மின்சாரக் கோளாறுக்கும் வாரண்டி இல்லை என்று டீலர் சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டாம். மாட்டிய திரையை இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதல் மின்சாதனம் என்று அறிவித்துச் சேர்ப்பதும் அவசியம். அறிவிக்காத திரை வெள்ளத்தில் போனால் அதன் விலை உங்கள் தலையில்தான் விழும். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

கம்பெனித் திரை போனால் முழு யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டும், உதிரியாகக் கிடைக்காது என்று சொல்லும் வழக்கத்தின் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் அடைத்து வைத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் உற்பத்தியாளர்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. கார்களும் அந்தக் குழுவின் பட்டியலில் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு தொடுபடலம் போனதற்காக முழு யூனிட்டையும் குப்பையில் போட வைப்பது வாங்கியவரின் பணத்துக்கும் மண்ணுக்கும் செய்யும் அநியாயம். இதற்குக் கட்டாய விதி வந்தே தீரவேண்டும்.

ஒருவருக்கு அல்ல, எல்லோருக்கும் என்றால்

ஒரே மாடலில் பலருக்கும் ஒரே கோளாறு வருகிறதென்றால் அது திரும்ப அழைக்க வேண்டிய குறையாக இருக்கலாம். இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு டெஸ்லா. அதன் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் திரையை இயக்கிய நினைவக சிப்புக்கு, எழுதி அழிக்கும் சுற்றுகளில் ஒரு வரம்பு இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் அது தேய்ந்து திரை இருண்டது. பின்பக்கக் கேமராவும் கண்ணாடி ஆவி நீக்குவதும் சேர்ந்து போயின. இப்படிப்பட்ட பாகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஏற்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 2023 ஜூனில் கியா நிறுவனம் 30,297 காரன்ஸ் கார்களைத் தானாக முன்வந்து திரும்ப அழைத்தது. ஓட்டுநர் முன்னுள்ள டிஜிட்டல் திரை தொடங்கும்போது வெறுமையாகிவிடும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். இலவச சாஃப்ட்வேர் அப்டேட் செய்து கொடுத்தார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110-ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகிறவருக்கோ தீங்கு தரக்கூடிய குறை பல உரிமையாளர்களிடமிருந்து புகாராக வந்தால், திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை நகரும் என்பதால், உங்கள் மாடலை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரையும் பதியச் சொல்லுங்கள். குடியிருப்புச் சங்க வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்ப்பதை அரசு எண்ணிக்கையில் சேர்க்காது.

எங்கே போவது?

டீலரும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பல நிறுவனங்கள் அந்த அமைப்போடு இணைந்திருப்பதால் வழக்குக்குப் போகாமலே சில புகார்கள் முடிந்துவிடும். அங்கே தரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய இடம் எங்கிருந்தாலும், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கொட்டிவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தபோதும் வருவாய் நிர்வாகத்தில் காஞ்சிபுரம் மாவட்டமாகவே இருந்தது. 2018-இல்தான் சோழிங்கநல்லூர் வட்டத்தோடு சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆதாரில் இன்னும் காஞ்சிபுரம் என்று இருப்பவர்கள் முகவரியைத் திருத்திவிட்டுப் போனால், எல்லை எது என்ற கேள்வியில் நாள் வீணாகாது.

வாங்கிய விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. தனியாக வாங்கிய ஸ்டீரியோவுக்கு ஆகப்போவது ஜெராக்ஸ் செலவுதான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். உற்பத்தியாளர், டீலர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர், விட்டுப்போனவர் பக்கம் கை காட்டுவார்.

சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வகைக் குறைக்கு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். 38-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது, சோதனைக் கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கலாம். நிபுணர் சான்று இல்லாமல் 'உற்பத்திக் குறை' என்று நிறுவ முயன்று தோற்ற கார் வழக்குகள் உண்டு. கோளாறு நிழலில் மறைந்து வெயிலில் வருவதென்றால், அந்தச் சூழலிலேயே சோதிக்க வேண்டும் என்று மனுவில் எழுதிக் கேளுங்கள். சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவையானதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், பொறுமையோடு போங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு.

புகார் கொடுக்கக் காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "பார்ட் ஆர்டர் போட்டிருக்கோம், அடுத்த மாசம் வந்துரும்" என்ற வாக்குறுதியிலேயே இது கரைந்துவிடுவதைப் பார்க்கிறோம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். முதல் ஜாப் கார்டின் தேதியை நாள்காட்டியில் குறித்து, ஒன்றரை ஆண்டுக்குள் மனுவைத் தயார் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், பழைய யூனிட் பட்டறையிலேயே தங்கிவிடும். அதற்குள் உங்கள் வீட்டு முகவரி, அலுவலக முகவரி, கைபேசியிலிருந்து ஏறிய தொடர்பு எண்கள், அடிக்கடி போகும் இடங்கள் எல்லாம் இருக்கும். திரை கொஞ்சமாவது வேலை செய்யும்போதே, அல்லது ஸ்டீயரிங் பட்டன் வழியாக முடிந்தால், 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிடுங்கள். முடியாத நிலையில், தரவை அழித்துவிட்டோம் என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். கைபேசியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்தும் அந்தப் பழைய யூனிட்டை நீக்கிவிடுங்கள்.